ஏழாம் ஆள் கோட்பாடு

கார் வைத்திருப்பவரைப் பற்றி அரசுக்கு எல்லாம் தெரியும். பதிவெண், எஞ்சின் எண், காப்பீடு முடியும் தேதி, கட்டாத அபராதம் எல்லாமே வட்டாரப் போக்குவரத்து அலுவலகக் கணினியில் இருக்கின்றன. கார் இல்லாதவரைப் பற்றி அந்தக் கணினியில் ஒரு வரிகூடக் கிடையாது. 'கார் இல்லாதவர்' என்று அவர் எங்கும் போய்ப் பதிவு செய்துகொள்வதில்லை, ஆண்டுதோறும் புதுப்பிப்பதில்லை, அந்த நிலையை யாருக்காவது பெயர் மாற்றி விற்கவும் முடியாது. இப்படி ஆவணமே இல்லாத ஓர் இனத்தை ஆராயப் புகுகிறவர் களத்தை நம்பித்தான் ஆக வேண்டும். இக்கட்டுரையின் களம் சென்னை. காலம், காலை எட்டரை முதல் பத்தரை வரை. மாலை ஐந்தரை முதல் வீடு போய்ச் சேரும் வரை.

ஒரு வாக்குறுதியை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். ஷேர் ஆட்டோ நிற்கும் இடங்களை ஐந்திணையாகப் பிரித்து, சிக்னலுக்குச் சிக்னல் கருப்பொருளும் உரிப்பொருளும் காட்டும் வேலையை இங்கே செய்யப்போவதில்லை. அதைச் செய்யாத போலி ஆய்வே தமிழில் இல்லை என்பதால் வாசகருக்குக் கொஞ்சம் ஓய்வு தேவை. நூற்பா மட்டும் இரண்டு வரும். பொறுத்துக்கொள்ளவும்.

காரில்லாதவர் என்றால் கார் வாங்கப் பணமில்லாதவர் என்று அவசரப்பட்டு வரையறுத்துவிடக் கூடாது. அவர்கள்தான் பெரும்பான்மை, சரி. ஆனால் கார் வைத்துக்கொண்டே காரின்றி வாழும் உட்பிரிவு ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் செழித்து வருகிறது. இவர்களுடைய கார் தரைத்தளத்தில், தூணுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவே, உறை போர்த்தி நிற்கும். வெளியே எடுத்தால் திரும்பி வருவதற்குள் அந்த இடத்தில் வேறு யாராவது நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சத்தில் எடுப்பதே இல்லை. ஆயுத பூஜையன்று உறையை நீக்கி, சந்தனம் குங்குமம் இட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடியும் உறை போட்டுவிடுவார்கள். திருப்பதிக்குப் போவதென்றால் ஆக்டிங் டிரைவர் வருவார். அலுவலகத்துக்கு? கிண்டி வரை ஷேர் ஆட்டோ. ஆகவே நம் வரையறை இது: சாலையோரம் நின்று, வருகிற வண்டி எதுவானாலும் அதை நோக்கிக் கையை நீட்டுபவர் எவரோ அவரே காரில்லாதவர். ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது இந்த ஆய்வுக்குப் பொருட்டல்ல.

இந்த வாழ்க்கைமுறை நேற்று முளைத்ததும் அல்ல. சென்னையில் மின்சார டிராம் 1895இல் ஓடத் தொடங்கி 1953 வரை ஓடியது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் 1931இல் வந்தது. பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972இல் பிறந்தது. அதுதான் இன்றைய மாநகர் போக்குவரத்துக் கழகம். நடுத்தரக் குடும்பம் ஒன்று கடனில் கார் எடுத்து வாசலில் நிறுத்தும் வழக்கம் இவை எல்லாவற்றுக்கும் பிந்தியது. சுவடி ஆராய்ச்சியாளர் கண்ணோட்டத்தில் பார்த்தால், இந்நகரின் போக்குவரத்து என்னும் மூலபாடத்தில் கார் ஓர் இடைச்செருகல். மூலத்தை விட்டுவிட்டு இடைச்செருகலுக்கு மேம்பாலம் கட்டுவது எப்படி நியாயமாகும் என்று பதிப்பாசிரியர்கள்தான் சொல்ல வேண்டும்.

காரைப் பகிர்ந்துகொள்வதில் மேலைநாட்டார்தாம் முன்னோடிகள் என்று ஒரு கருத்து உண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் 1948இலேயே ஒரு கூட்டுறவுச் சங்கம் இதைத் தொடங்கியது மெய்தான். சங்கத்துக்குச் சொந்தமாகக் கார் இருக்கும். உறுப்பினர்கள் முறை வைத்து எடுத்து ஓட்டுவார்கள். ஆனால் இதில் ஒரு குறை இருப்பதை நம் ஆய்வுலகம் கவனிக்கவில்லை. ஒருவர் ஓட்டி முடித்த பிறகுதான் இன்னொருவர். அதற்குப் பகிர்வு என்று பெயர் வைப்பது கொஞ்சம் அதிகம். ஒரே வண்டியை, ஒரே நேரத்தில், ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இருக்கும்படியாகப் பகிர்ந்துகொள்வதே முழுமையான பகிர்வு. அதைக் காண வடபழனியிலிருந்து போரூர் போகும் சாலைக்கோ, தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக வேளச்சேரி வரும் சாலைக்கோ, ராஜீவ் காந்தி சாலைக்கோ வர வேண்டும். அதற்கு உரிய நூற்பா:

மூவர் இருக்கை நால்வர்க்கு ஆகும்;
ஐவர்க்கு ஆக்கல் ஓட்டுநர் கடனே.

என்பது என் நுதலிற்றோ எனின், இருக்கையின் கொள்ளளவு உணர்த்துதல் நுதலிற்று. மூவர் இருக்கை என்றது வண்டி செய்த கம்பெனியார் கருத்து. நால்வர்க்கு ஆகும் என்றது உலக வழக்கு. ஐவர்க்கு ஆக்கல் என்றதனால் அது தானே ஆகாது, ஆக்கப்படும் என்பது பெறப்பட்டது. ஆக்குமாறு யாங்ஙனம் எனின், ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "ஒருத்தர் முன்ன உக்காருங்க, ஒருத்தர் பின்ன உக்காருங்க" என்பர். அங்ஙனம் அமரவே ஐவர்க்கும் இடம் உண்டாயிற்று எனக் கண்டுகொள்க.

உரையாசிரியர் நடையை இத்தோடு நிறுத்திக்கொண்டு அந்த வாக்கியத்தை மட்டும் உற்று நோக்குவோம். தோள்தான் மனித உடலில் அகலமான பகுதி. இடுப்பு அதைவிடக் குறுகியது. ஐந்து பேர் தோளோடு தோள் சாய்ந்து உட்கார முடியாது. ஆனால் முதலாமவர் முதுகைச் சாய்த்து, இரண்டாமவர் இருக்கையின் நுனிக்கு வந்து, மூன்றாமவர் சாய்ந்து, நான்காமவர் நுனிக்கு வந்தால், தோள்கள் ஒன்றன்முன் ஒன்றாக அடுக்கப்பட்டு, இடுப்புகள் மட்டுமே இடத்துக்குப் போட்டியிடும். நுனியில் இருப்பவர் முன்கம்பியைப் பிடித்துக்கொள்வார். ஓட்டுநருக்குப் பின்னால் முதுகைக் காட்டியபடி ஒரு பலகை இருந்தால் அதில் இருவர். அவர்களுடைய முழங்கால்கள் எதிரே இருப்பவர்களின் முழங்கால்களுக்கு இடையே ஒன்றுவிட்டு ஒன்றாகச் செருகப்படும். மடியில் லேப்டாப் பை, பைக்கு மேல் சாப்பாட்டுக் கூடை. பள்ளிப் பிள்ளை கணக்கில் சேராது. அது யாராவது ஒருவர் காலுக்கு நடுவே நின்றுகொள்ளும். இத்தனைக்குப் பிறகும் ஓட்டுநருக்கு வலப்புறம் ஒருவர், இடப்புறம் ஒருவர் என்று முன்னிருக்கை நிரம்பும். ஓட்டுநர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு உறுதியான விடை இல்லை.

இந்த இடத்தில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலை அழைப்பது கட்டாயமாகிறது. பிளேஸ் பாஸ்கலை நம் பிள்ளைகள் இயற்பியல் பாடத்தில் அறிவார்கள்: அடைபட்ட பாய்மத்தின் மீது தரும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைக்கும் சமமாகப் பரவும். கடைசியாக ஏறியவர் கதவோரம் உட்கார்ந்து இடுப்பால் ஒரு தள்ளு தள்ளும்போது மறு ஓரத்தில் இருப்பவர் கம்பியோடு நசுங்குவது இந்த விதியின்படிதான். பாடப்புத்தகம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. உலகின் முதல் நகரப் பேருந்துச் சேவை என்று கருதப்படுவதைத் தொடங்கியவரும் இதே பாஸ்கல்தான். பாரிஸ் நகரில் 1662 மார்ச் 18 அன்று, அரசனின் அனுமதியோடு, குறித்த தடத்தில், குறித்த கட்டணத்துக்கு எட்டு இருக்கைக் குதிரைவண்டிகள் ஓடத் தொடங்கின. கட்டணம் ஐந்து சோல். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பது விதி. படைவீரர்களும் ஏவலாளர்களும் ஏறக் கூடாது என்று பாரிஸ் நீதிமன்றம் தடை போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாஸ்கல் இறந்துபோனார். சேவையும் நாளடைவில் படுத்துவிட்டது. காலி வண்டியைக் கிளப்பினால் வேறென்ன ஆகும் என்று எந்த ஷேர் ஆட்டோ ஓட்டுநரும் கேட்பார்.

பாஸ்கல் சேவையில் இருந்த இரண்டு பிழைகளையும் சென்னை திருத்திவிட்டது. ஒன்று, யார் வேண்டுமானாலும் ஏறலாம். வீட்டு வேலை முடித்து வரும் அம்மாவும் மென்பொருள் கம்பெனிப் பையனும் தொடையோடு தொடை ஒட்ட உட்காரும் வேறு இடம் இந்த நகரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டு, நிரம்பாமல் கிளம்புவதில்லை. கிளம்பாமல் இருப்பதையும் கிளம்புவதாகவே காட்டுவது தனிக் கலை. எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும். வண்டி அரையடி முன்னால் போகும், நிற்கும், மறுபடி அரையடி. "கிண்டி கிண்டி கிண்டி! ஒரு சீட்டு ஒரு சீட்டு!" இதற்கு இரண்டாம் நூற்பா:

ஒருசீட்டு என்பது யாதெனக் கேட்பின்
ஏறிய பின்னரும் எஞ்சுவது அதுவே.

உள்ளே யாருமில்லாதபோதும் ஒரு சீட்டுத்தான் காலி. பத்துப் பேர் இருக்கும்போதும் ஒரு சீட்டுத்தான் காலி. வேதாந்திகள் முழுமையைப் பற்றிச் சொல்வதெல்லாம் கத்திப்பாராவில் ஒரு சீட்டைப் பற்றிச் சொல்லப்படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு வரையறைகளின் சுரங்கம். ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மிகாமல் ஏற்றும்படி செய்யப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட வாடகை வண்டி ஒரு வகை. ஆறுக்கு மேல் பன்னிரண்டு வரை என்றால் அது வேறு வகை. ஆளுக்கு ஆள் தனித்தனிக் கட்டணம் வாங்கி ஆறு பேருக்கு மேல் ஏற்றுவது பேருந்தின் இலக்கணம். இப்போது ஒரு சிக்கல். ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழாம் ஆள் சின்னமலையில் கையை நீட்டுகிறார். அவர் படியில் கால் வைக்கும் கணத்தில் வண்டி தன் வகையை இழந்து இன்னொன்றாக மாறுகிறதா? செய்யப்பட்டது ஆறு பேருக்குத்தானே, ஏறியது எத்தனை பேர் என்பதா கேள்வி என்று வழக்கறிஞர் வாதாடலாம். மாற்றியமைக்கப்பட்டது என்ற சொல் இருக்கிறதே, அந்தப் பலகை எதற்கு என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். தத்துவ நோக்கில் பார்த்தால், ஒரே மனிதர் ஏறியும் இறங்கியும் ஒரு பொருளின் சாரத்தையே மாற்ற வல்லவராகிறார். இவரையே இக்கட்டுரை ஏழாம் ஆள் என்கிறது. சென்னையில் காரில்லாதவர் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு வண்டியின் ஏழாம் ஆள்.

இந்தக் கோட்பாட்டை வண்டியில் போகும் எல்லோரும் அறிந்திருக்கிறார்கள் என்பதற்குக் களச் சான்று உண்டு. சிக்னலில் வெள்ளைச் சட்டை தெரிந்ததும் ஓட்டுநர் ஓரங்கட்டி, "அண்ணே, நீங்க மட்டும் இறங்கி அந்தாண்ட வந்துடுங்க" என்பார். முன்னிருக்கைக்காரர் முணுமுணுக்காமல் இறங்கி, காவலரைக் கடந்து, வெயிலில் பொடிநடையாகப் போவார். சட்டம் அந்தச் சில நிமிடங்களுக்கு முழுமையாகக் காப்பாற்றப்படுகிறது. சிக்னல் தாண்டியதும் வண்டி நிற்கும், அவர் ஏறிக்கொள்வார். காசு கொடுத்த பயணத்தில் ஒரு பகுதியை நடந்து கடந்ததற்காக யாரும் தள்ளுபடி கேட்டதாகத் தெரியவில்லை.

இதே கதை அமெரிக்காவிலும் நடந்தது. 1914, 15ஆம் ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற நகரங்களில் கார் வைத்திருந்தவர்கள் டிராம் தடத்திலேயே போய், நிற்பவர்களை ஐந்து சென்ட்டுக்கு ஏற்றிக்கொண்டார்கள். டிராம் கம்பெனிகள் கொதித்தன. நகராட்சிகள் உரிமம், ஈட்டுறுதி என்று விதிமேல் விதி போட்டன. சில ஆண்டுகளில் அந்த வண்டிகள் பெரும்பாலும் மறைந்தன. பிறகு டிராமும் மறைந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கார் வாங்கினார்கள். நம் அதிகாரிகள் வெளிநாட்டுப் பயணம் போகும்போது இந்தப் பாடத்தையும் படித்துவிட்டு வரலாம்.

கட்டணம் செலுத்தும் முறைக்குத் தனி இயலே எழுதலாம், இடமில்லை. பின்னிருக்கைக்காரரின் இருபது ரூபாய் முன்னால் இருப்பவர் கைக்கும், அங்கிருந்து பலகைக்காரர் கைக்கும், பின் ஓட்டுநரின் தோளுக்கு மேலாகவும் போகும். மிச்சம் அதே வழியில் திரும்பி வரும். முன்பின் அறியாத நான்கைந்து பேர் கையில் ஒரு நகரம் தன் பணத்தை நாள்தோறும் நம்பிக் கொடுக்கிறது. நடுவில் காணாமல் போனதாகப் புகார் எழுவதில்லை. இப்போது இருக்கையின் பின்புறம் கட்டப்பட்ட அட்டையை ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு, "அண்ணா, வந்துச்சா?" என்று கேட்கிறார்கள். பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை அறிவித்தும், சில ஓட்டுநர்கள் அதை இன்னமும் சந்தேகத்தோடு திருப்பித் திருப்பிப் பார்ப்பதுண்டு. ஆனால் இறங்க வேண்டிய இடத்தில் கூரைக் கம்பியைத் தட்ட அதைப் போல ஓசை தரும் கருவி வேறில்லை.

பேருந்துக்கு வருவோம். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி வருகிறது. கதவு மூட இடமில்லாமல் ஆள் நிற்கிறது. நடத்துநர் தலையைக் காட்டாமலே உள்ளிருந்து குரல் கொடுக்கிறார்: "பின்னாடி காலியா வருது, அதுல வாங்க!" தலைமுறை தலைமுறையாகச் சென்னை நிறுத்தங்களில் ஒலிக்கும் இந்த வாக்கை எவரும் நம்புவதில்லை. பின்னால் வரும் காலி வண்டியைப் பார்த்தவர் இல்லை. பார்த்ததாகச் சொல்பவரைப் பார்த்தவர்கள்தாம் இருக்கிறார்கள். எனவே இதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடலாம் என்றே நானும் எண்ணினேன். ஆனால் கணிதம் நடத்துநர் பக்கம் நிற்கிறது.

எப்படியென்றால், ஒரு வண்டி ஏதோ காரணத்தால் இரண்டு நிமிடம் தாமதமாகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் கூடுதலாகச் சிலர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏறி முடிக்க நேரம் பிடிக்கிறது, தாமதம் கூடுகிறது, அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் பெரிது. பின்னால் வரும் வண்டிக்கோ முன்வண்டி எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டதால் ஆளே இல்லை. நிறுத்தங்களில் நிற்க வேலையில்லை. விரைந்து வந்து முன்வண்டியின் வாலைப் பிடித்துவிடுகிறது. நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964இலேயே இதைச் சமன்பாடாக எழுதிக் காட்டினார்கள். ஆகவே பின்னால் காலியாக ஒரு வண்டி வருவது பெரும்பாலும் உண்மை. பிறகு ஏன் நாம் அதைப் பார்ப்பதில்லை? நடத்துநர் பேச்சைக் கேட்காமல் முதல் வண்டியிலேயே முண்டியடித்து ஏறிவிடுகிறோம். ஏறி, அதை மேலும் தாமதமாக்கி, பின்வண்டியை மேலும் காலியாக்குகிறோம். நின்றவர்களுக்காவது கிடைக்குமா என்றால், முன்வண்டி நிறுத்தத்தில் திணறும்போது பின்வண்டி நடுச்சாலையிலேயே முந்திக்கொண்டு பறந்துவிடுகிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு புகாரும் உண்டு: "நான் நிக்கும்போது மட்டும் என் பஸ் வராது." இதற்கு ஜாதகம் பார்க்கத் தேவையில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்காக வந்தால் சராசரியாக ஐந்து நிமிடம் நின்றால் போதும். அதே வண்டிகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால், மணிக்கு ஆறு வண்டி என்ற கணக்கு மாறாது. நிற்கும் நேரம் மட்டும் சராசரியாகப் பத்து நிமிடமாகிவிடும். அலுவலகப் பதிவேட்டில் எல்லா வண்டிகளும் ஓடியிருக்கும். நிறுத்தத்தில் நின்ற எல்லோரும் வண்டியே வரவில்லை என்று சத்தியம் செய்வார்கள். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும் அபூர்வமான வழக்கு இது. ஷேர் ஆட்டோவில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை, ஏனெனில் தாமதமாவதற்கு அதற்கு நேர அட்டவணை கிடையாது.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இதன் பொருளாதாரத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். இல்லற இயலைப் பற்றி யாரும் பேசக் காணோம். கணவனும் மனைவியும் ஒரே நிறுத்தத்தில் நிற்கிறார்கள். டீலக்ஸ் வண்டி ஒன்று பாதி காலியாக வருகிறது. ஏறலாம் என்கிறார் அவர். "ரோஸ் வண்டி வரும், இருங்க" என்கிறார் அந்த அம்மாள். காத்திருந்து அந்தச் சாதாரணக் கட்டண வண்டியில் ஏறியபின் ஒருவருக்கு மட்டும் பயணச்சீட்டு வாங்கப்படுகிறது. திருமணமாகி முதன்முறையாகச் செலவாளி யார் என்ற கேள்விக்குக் கையில் ரசீதோடு விடை கிடைத்த குடும்பங்கள் பல.

மெட்ரோ ரயிலைப் பற்றி இந்த ஆய்வில் சொல்ல அதிகமில்லை. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே தொடங்கியது. சொன்ன நேரத்துக்கு வருகிறது, குளிர்ச்சியாக இருக்கிறது, நிறுத்தத்தில் நிற்கிறது. ஆராய்ச்சிக்கு எந்தப் பிடியும் கொடுக்காத வாகனம். பறக்கும் ரயில் அப்படியல்ல. 1995இல் கடற்கரையிலிருந்து கிளம்பி, 2007இல் வேளச்சேரி வந்து சேர்ந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு மிச்சமிருந்த சுமார் ஐந்து கிலோமீட்டருக்கு அதைவிட அதிக ஆண்டுகள் பிடித்தன. வெளியூர்ப் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்துக்குப் போனபின், திருநெல்வேலிக்குப் போகிறவர் முதலில் கிளாம்பாக்கத்துக்கு ஒரு பயணம் போக வேண்டியிருக்கிறது. அதற்கும் புளிசாதம் கட்டிக் கொடுக்கும் வீடுகள் உண்டு.

காரில்லாதவர் சில வேளைகளில் காரிலும் போவார். இதற்கு 'ட்ராப்' என்று பெயர். ஆய்வாளர்கள் தொட அஞ்சும் துறை இது. கல்யாண வரவேற்பு முடிந்து தாம்பூலப் பையோடு மண்டப வாசலில் நிற்கும்போது, "எப்படிப் போவீங்க?" என்ற கேள்வி வரும். உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்கும் அதே குரல். பஸ்ஸில் போய்விடுவோம் என்றால் விட மாட்டார்கள். "அட, நான் அந்தப் பக்கமாத்தான் போறேன், வீட்டிலயே ட்ராப் பண்ணிடறேன்."

ஏறியதும் முதல் சோதனை கதவு. கதவில்லாத வண்டியிலேயே பயணம் செய்து பழகியவர் காரின் கதவை ஒன்று அறைந்து சாத்துவார், அல்லது சாத்தாமலே சாத்திவிட்டதாக நினைப்பார். "மெதுவா, மெதுவா" என்று ஒரு குரல். அதில் ஐந்து வருட மாதத் தவணையின் வலி இருக்கும். அடுத்து சீட் பெல்ட்டின் கொக்கி மாட்டும் இடம். அது எப்போதும் பக்கத்தில் இருப்பவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அடியில் இருக்கும். பயணக் கட்டணமாக வண்டியின் மைலேஜ், சர்வீஸ் சென்டரின் அநியாயம், அடுத்து எடுக்கப்போகும் வண்டியின் நிறம் ஆகியவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நந்தனம் வரை வீட்டு வாசல் என்றிருந்த பேச்சு சைதாப்பேட்டையில், "உங்க தெருவுக்கு யூ டர்ன் எங்க எடுக்கணும்?" என்று மாறும். சின்னமலை தாண்டியதும் வருகிறது முத்தாய்ப்பு: "இங்க இறங்கிக்கிட்டா உங்களுக்கு வசதியா இருக்குமா?" தமிழில் ஒரே ஒரு விடை மட்டும் உள்ள கேள்வி இது. "ஓ, தாராளமா!"

அவர் இறங்கும் இடத்தில் பேருந்து நிற்காது, ஷேர் ஆட்டோ ஒதுங்காது, வீடு எதிர்ப்புறம் இருக்கும். நடுவில் இடுப்பளவு தடுப்புச் சுவர். பட்டுப்புடவையோடு மனைவி, தூங்கும் குழந்தை, தாம்பூலத் தேங்காய். ஷேர் ஆட்டோவில் வந்திருந்தால் கம்பியைத் தட்டித் தெரு முனையில் இறங்கியிருக்கலாம். ஆனால் மறுநாள் போன் செய்து நன்றி சொல்ல வேண்டியது ட்ராப் கொடுத்தவருக்குத்தான். ஷேர் ஆட்டோக்காரருக்கு நன்றி சொன்ன வரலாறு நம்மிடம் இல்லை.

கார் சுதந்திரம் தருகிறது என்பார்கள். 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 2015இலும் 2023இலும் காரை மூழ்கக் கொடுத்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்? நியாயமான முடிவுதான். ஆனால் ஓர் ஆய்வாளனின் கண்ணில், பாலத்துக்குக் காரை ஏற்றி வைத்துவிட்டு மழையில் நனைந்தபடி வீட்டுக்கு நடந்து வந்தவர்கள் அனைவரும் அன்றிரவு நம் வரையறைக்குள் வந்துவிட்டார்கள்.

எதிர்வாதங்களை மறைப்பது ஆய்வறம் ஆகாது. இரவு பத்து மணிக்கு மேல் ஏழாம் ஆள் கோட்பாடு வேலை செய்வதில்லை. ஏனெனில் முதல் ஆளுக்கே வண்டி இருப்பதில்லை. முழங்கால் தேய்ந்த பெரியவர்களால் அந்தப் படியில் ஏற முடியாது; ஏறினாலும் பலகைக்குக் குனிந்து போக முடியாது. பாதி உடம்பு வெளியே இருக்க ஓட்டுநரின் பக்கத்தில் தொற்றிக்கொண்டு போகிறவரைப் பற்றி இவ்வளவு நேரம் சிரித்தோம். லாரி உரசும் நாளில் அது சிரிப்பில்லை. ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போக வேண்டிய இரவில், கைப்பேசிச் செயலியில் வண்டி ஒத்துக்கொண்டு பின் ரத்தாவதைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றவர்கள், மறுமாதமே கார்க் கடனுக்கு விண்ணப்பித்ததை நான் அறிவேன். அவர்களைக் குறை சொல்ல இந்தக் கட்டுரைக்கு வாயில்லை.

ஆனால் இந்தக் குறைகளில் எதுவும் காரில்லாமையின் குறை அல்ல. இரவுப் பேருந்து இல்லாத குறை, தாழ்தளப் படி இல்லாத குறை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்முன்னே ஓடும் வண்டியைச் சட்டப்படி என்னவென்று சொல்லித் தீர்க்காத குறை. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கச் சட்டம் 2010இல் வந்தது. மூன்றுக்கும் ஒரே சீட்டு எடுக்க 'சென்னை ஒன்று' செயலி 2025இல் வந்தது. நல்லது. அதே வேகத்தில் இல்லாமல் சற்று விரைவாக, ஷேர் ஆட்டோவுக்கும் ஒரு நிறுத்தம், ஒரு தடப் பலகை, எத்தனை பேர் என்று ஓர் உருப்படியான எண் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டால், முன்னிருக்கைக்காரர் சிக்னலுக்குச் சிக்னல் இறங்கி நடக்க வேண்டியிருக்காது. அது அரசின் வேலை.

வாசகர்கள் செய்யக்கூடியது சிறியது. ஷேர் ஆட்டோவில் ஏறும் முன் சில்லறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிவிட்டு வெளியே வேடிக்கை பார்க்காதீர்கள். கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ட்ராப் தருவதாகச் சொன்னால் யூ டர்ன் போட்டு வீட்டு வாசலில் இறக்கிவிடுங்கள். முடியாதென்றால் மண்டபத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசி 29சி போவதற்குள் நாங்கள் கிளம்ப வேண்டும்.